பாட்டு முடிந்த பிறகு கேட்ட குரல்

எண்பதுகளின் கடைசி வருடங்களில் நான் சிரம்பானுக்கு வெளியே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். விடியுமுன் தொழிற்சாலை பஸ் எங்கள் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும். என் வயதுப் பெண்களில் பாதிப் பேர், அம்மாக்களோடு ரப்பர் பால் வெட்டப் போகாமல் அந்த பஸ்ஸில் ஏறினோம். ஓட்டுநர் தோள் வரை முடி வளர்த்த மலாய் இளைஞர். வண்டி தார்ச்சாலையைத் தொட்டதும் கேசட்டைத் தள்ளிவிடுவார். முதலில் மலாய் ராக், அப்புறம் ஆங்கிலம். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் ஓட, உள்ளே கிட்டார் அலறும். தூங்கி வழியும் பெண்கள் முணுமுணுப்பார்கள். எனக்குத் தூக்கம் போய்விடும்.

புது ஆல்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒன்றைப் பாடம் பண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்து அதைப் பழசாக்கிவிடும். கறுப்பு பனியனில் மண்டையோடு போட்ட குழுக்கள், கையில்லாத தோல் சட்டை போட்ட பாடகிகள், கிட்டாரே இல்லாமல் பெட்டி பெட்டியாக இயந்திரங்களை வைத்துப் பாடும் இங்கிலாந்துக்காரர்கள். சிரம்பான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கேசட் கடைக்காரர் புது ஆல்பத்தின் விளம்பரத் தாளைக் கண்ணாடியில் ஒட்டினால், கொஞ்ச நாளில் அதே ஆல்பம் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக் கடைகளில் கள்ளக் கேசட்டாக வந்துவிடும். அதில் பாட்டுப் பெயர்கள் தப்பும் தவறுமாக இருக்கும். கடைசியில் இடம் மிச்சமிருந்தால் சம்பந்தமில்லாத வேறு யாரோ பாடிய பாட்டை வைத்து நிரப்பியிருப்பார்கள். ஒரிஜினலில் மட்டும் மடித்து வைத்த தாளில் பாட்டு வரிகள் இருக்கும். அந்தத் தாளுக்காகவே ஒரிஜினல் வாங்க ஆசைப்பட்டவள் நான்.

தோட்டத்தில் யாருக்கும் இந்தப் பாட்டுகள் மேல் நல்ல எண்ணம் கிடையாது. இதைக் கேட்கிற பையன்கள் கஞ்சா அடிப்பார்கள் என்று கோயில் கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வரிசையில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபம் நடத்த வரும் உபதேசியார், இந்தக் கேசட்டுகளைத் தலைகீழாக ஓடவிட்டால் சாத்தானின் குரல் கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் அண்ணன் வேறு முடி வளர்த்திருந்தான். தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை, சாயங்காலம் குளித்துவிட்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். அம்மா அவன் கழற்றிப் போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார். ரப்பர் வாடையைத் தவிர ஒன்றும் இருக்காது. இருந்தாலும் மறுநாளும் முகர்ந்து பார்ப்பார். அப்பா போர்ட்டிக்சனில் ஒரு தங்கும் விடுதியில் ஜாகா வேலையில், அதாவது காவல் வேலையில் இருந்தார். எப்போதாவதுதான் வருவார். அதனால் எங்களைச் சந்தேகப்படும் பொறுப்பு முழுவதும் அம்மாவின் தலையில் விழுந்திருந்தது.

அண்ணன் தவணையில் வாங்கிய ரேடியோவில் இரண்டு கேசட் போடலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டை ஏற்றலாம். அதற்கு ஒரு வேகப் பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் சத்தமே வராமல், பாதி நேரத்தில் ஏற்றி முடித்துவிடும். எங்கள் வரிசையில் அப்படி ஒரு ரேடியோ எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அந்த ரேடியோவுக்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருத்தர் வருவார். பக்கத்து வீட்டு அக்கா. வீட்டு வாசலில் சிலுவை மாட்டியிருப்பார். அவருடைய கணவர் தோட்டத்து லாரி ஓட்டியவர். மழை பெய்த ஒரு மத்தியானம் மலைச் சரிவில் லாரி புரண்டு இறந்துபோனார். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் எங்கள் ரேடியோவைக் கேட்டு வாங்கிப்போய் ஒரு கேசட்டில் தன் குரலைப் பதிவு செய்திருந்தார். கிறிஸ்துமஸ் பாட்டு, பேசத் தொடங்கியிருந்த மகளோடு விளையாட்டுப் பேச்சு, அக்காவைக் கிண்டல் செய்வது. அவ்வளவுதான். அவர் போன பிறகு அதை விட்டால் அக்காவிடம் வேறு ஒன்றும் இல்லை. நான்கைந்து புகைப்படங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் யாருக்கோ பின்னால் நிற்பார்.

ஜெபம் முடிந்ததும் அக்கா கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். எங்கள் கையில் தரமாட்டார். தானே போடுவார், தானே எடுப்பார். நாங்கள் சமையலறைப் பக்கம் போய்விடுவோம். ரேடியோவுக்கு முன்னால் தரையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அழுது நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அக்கா வெறும் கையோடு வந்தார்.

"டேப்ப காணல சின்னம்மா," என்று அம்மாவிடம் சொன்னார். "வீடு பூரா தேடிட்டேன்."

அதற்கு முந்தைய வாரம் அவருடைய கொழுந்தன் வேறொரு தோட்டத்திலிருந்து வந்து தங்கிவிட்டுப் போயிருந்தான். தன் தாய்க்கு மகனின் குரல் வேண்டும், கேசட்டைக் கொடு என்று அவன் கேட்டது வரிசைக்கே தெரியும். அக்கா கொடுக்கவில்லை. ஆகவே எல்லோரும் அவன்தான் எடுத்திருப்பான் என்று முடிவு கட்டினார்கள். அம்மாவும் அதையே சொன்னார். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் கேசட் பெட்டி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்கு அப்போதே வித்தியாசமாகப் பட்டது. ஏன் என்று யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு ஆல்பத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். பஸ் ஓட்டுநர் அதிலிருந்து ஒரே ஒரு பாட்டை ரேடியோவிலிருந்து பிடித்து வைத்திருந்தார். மெதுவாக ஆரம்பித்து, தாளம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் மொத்தமாக வெடிக்கும் பாட்டு. சிரம்பான் கடைகளுக்கு அந்த ஆல்பம் இன்னும் வரவில்லை. தோட்டத்தில் ஒருவரிடம் மட்டும் இருந்தது. கிராணியின் மகன். கிராணி என்றால் தோட்டத்து அலுவலகக் குமாஸ்தா, எங்களுக்கு அது பெரிய இடம். மகன் கோலாலம்பூரில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்தான். இசைத்தட்டாகவே வாங்குவான். அண்ணனுக்கும் அவனுக்கும் பாட்டினால் பழக்கம்.

"அதக் கேட்டு வாங்கிட்டு வாயேன்," என்று அண்ணனிடம் சொன்னேன்.

"கேட்டேன் லா. தர மாட்டேங்கிறான்."

"சும்மா டேப் பண்ணித் தரச் சொல்லு."

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். வழக்கமாக ஒரு ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்தாதவன். பெரிய இடத்துப் பிள்ளைக்குத் திமிர் என்று நான் கிராணியின் மகனைத் திட்டிக்கொண்டேன்.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கிலிருந்து வரும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நகரத்துப் பெண், நல்ல சிநேகிதி. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தாள். நான் தேடிக்கொண்டிருந்த அதே ஆல்பம்.

"உறையக் காட்டு," என்றேன்.

"உறை வூட்டுல இருக்கு. கேசட்ட மட்டும் எடுத்துட்டுப் போ, திங்கக்கெழம கொண்டா."

"எங்க வாங்கின?"

"ஒருத்தர் டேப் பண்ணிக் குடுத்தாரு."

"யாரு?"

"தெரிஞ்சவரு லா," என்றாள். காது சிவந்துபோனது. அவளுக்கு யாரோ ஒருவன் இருக்கிறான் என்று புரிந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அன்று காலை ஷிப்ட். மூன்றரை மணிக்கெல்லாம் வீடு வந்துவிட்டேன். அம்மா விறகு பொறுக்கப் போயிருந்தார், அண்ணன் ஆலையில். கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டைப் போட்டேன். நன்றாக இருந்தது. அந்தக் குழுவின் பாடகர் ஒவ்வொரு பாட்டிலும் யாரையோ நம்ப முடியாமல் பாடுகிற மாதிரி எனக்குத் தோன்றும். முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். அரிசி களைந்துகொண்டிருந்ததால் அப்படியே ஓடவிட்டேன்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு தட்டுச் சத்தம், யாரோ ரேடியோவை நகர்த்தி வைப்பதுபோல. அப்புறம் ஒரு ஆணின் குரல்.

"ஓடுதா? செகப்பு லைட்டு எரியுதே, ஓடுது. இங்க வா பாப்பா. அப்பாகிட்ட சொல்லு, யாரு நல்லா பாடுறா, அம்மாவா அப்பாவா?"

ஒரு குழந்தை, "நானு," என்றது. அவர் சிரித்தார்.

அரிசி கழுவிய தண்ணீரெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. இறந்தவர் குரல் ஆங்கிலப் பாட்டுக் கேசட்டிலிருந்து வந்தால் யாருக்கும் முதலில் உபதேசியார் சொன்னதுதான் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். பிறகு மறுபடி ஓடவிட்டேன். அவரேதான். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் பாதி, பின்னால் ஒரு சேவல், அக்காவின் குரலில் "போதும் நிறுத்துங்க, மானம் போவுது" என்ற பேச்சு. அத்தோடு நாடா முடிந்தது.

கேசட்டை எடுத்துப் பார்த்தேன். மேலே வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கீறினேன். அடியில் பழைய தமிழ்ப் படப் பாட்டுக் கேசட்டின் அச்சு தெரிந்தது. அதைவிட இன்னொன்று என்னைச் சுருக்கென்று குத்தியது. கடையில் விற்கும் பாட்டுக் கேசட்டின் மேல்முனையில் இரண்டு சின்னப் பள்ளங்கள் இருக்கும். அவை திறந்திருந்தால் அதில் பதிவு செய்ய முடியாது. பாட்டு அழிந்துவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு. இந்தக் கேசட்டில் அந்தப் பள்ளத்தின் மேல் செலோடேப் ஒட்டி அடைத்திருந்தது. அப்படியென்றால் இது கை தவறி நடந்ததில்லை. ஒருவர் உட்கார்ந்து, கத்திரிக்கோலால் டேப்பை வெட்டி ஒட்டி, தெரிந்தே அழித்திருக்கிறார்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆல்பம் தோட்டத்தில் கிராணியின் மகனிடம் மட்டும்தான் இருந்தது. கொழுந்தன் கேசட்டைத் திருடி அவனிடம் விற்றிருப்பான், அல்லது அவனே எப்படியோ எடுத்திருப்பான். ரஹாங் பெண்ணின் 'தெரிஞ்சவரும்' அவன்தான். எல்லாம் எனக்குப் பொருந்திப்போனது.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் கேசட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போனேன். வேலி போட்ட வீடு, முன்னால் ரம்புத்தான் மரம். அதுவரை அந்தக் கேட்டுக்குள் நான் நுழைந்ததில்லை. எதிரே மண்டோரின், அதாவது தோட்டத்து மேஸ்திரியின், மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காயப்போட்ட துணியையே மறுபடி உதறினார்.

கிராணியின் மகன் வாசலுக்கு வந்தான். நான் கேசட்டை நீட்டினேன்.

"இது நீங்க பண்ணதுதானே?"

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்லையே. நான் பழைய டேப்புல ஏத்த மாட்டேன். மெஷினோட ஹெட்டு கெட்டுப்போயிடும்."

"அப்ப இந்த ஆல்பம் வேற யாருகிட்ட இருக்கு?"

அவன் உள்ளே போய் கேசட்டைப் போட்டான். நான் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றேன். இரண்டாவது பாட்டு நடுவில் ஒரு 'டக்' சத்தம் வந்தது. நான் வீட்டில் கேட்டபோது அதைக் கவனிக்கவே இல்லை. அவன் உடனே திரும்பினான்.

"இது என் ரெக்கார்டுல உள்ள கீறல். வாங்கின அன்னிக்கே கீழ போட்டுட்டேன். அதனால இது எங்கிட்ட இருந்து போனதுதான். ஆனா நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் டேப் பண்ணிக் குடுத்தேன். புது டேப்புல. அதுல இருந்து இதுல ஏத்தியிருக்காங்க."

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு," என்றான். "ஏன், அவரு சொல்லலயா?"

நான் கேசட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கேட் வரைக்கும் நடந்தது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை. அண்ணன் அந்த ஆல்பம் கிடைக்கவில்லை என்று என்னிடம் சொன்னது பொய். பொய் சொன்னவன் வேறு என்னதான் செய்திருக்க மாட்டான்? அவன் சட்டையை முகர்ந்து பார்க்கும் அம்மாவை நானும் அவனும் எத்தனை முறை கேலி செய்திருக்கிறோம். அன்றைக்கு அம்மா செய்ததுதான் சரி என்று பட்டது.

வீட்டில் அம்மா கதவருகிலேயே உட்கார்ந்திருந்தார். மண்டோர் மனைவியின் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"கிராணி வூட்டுக்கு எதுக்குப் போன?"

"ஒரு கேசட் விசயமா."

"ஆம்பள பையன் இருக்கிற வூட்டுக்கு ஒத்தையில போயி, ஜன்னலுகிட்ட நின்னு பாட்டு கேட்டியாமே."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்னா? போனியா இல்லியா?"

"போனேன் மா. ஆனா நீ நெனக்கிற மாதிரி இல்ல."

"நான் என்னா நெனக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கைப்பையைக் குடு."

உள்ளே கேசட்டும் பஸ் பாஸும் சீப்பும்தான் இருந்தன. கேசட்டை வெளியே எடுத்து, இதைத் தந்தது யார் என்று கேட்டார். நான் வாயால் விளக்கிக்கொண்டிருக்காமல் ரேடியோவில் போட்டு, கடைசிப் பகுதிக்குச் சுற்றி ஓடவிட்டேன். "ஓடுதா? செகப்பு லைட்டு எரியுதே" என்று அந்தக் குரல் வந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

அண்ணன் ஐந்து மணிக்கு வந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேசட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்னாடா?"

அவன் கேசட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே, அது யார் கையிலிருந்து என்னிடம் வந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அது... நம்ம பழைய படப்பாட்டு டேப்பு. யாரும் கேக்கிறதில்லியேன்னு அதுல ஏத்தினேன்."

"நம்ம டேப்பா? பக்கத்து வூட்டு அண்ணனோட கொரலு அதுல இருக்கு," என்றேன்.

"எந்த அண்ணன்?"

நான் ஓடவிட்டேன். அவன் முகம் மாறியதை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பா என்று பார்த்தேன். வெளுத்துத்தான் போனான். வெளுத்துப்போவது குற்றம் செய்தவனுக்கும் வரும், செய்யாதவனுக்கும் வரும்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மா. நம்ம பெட்டியில கடைசி வரிசையில இருந்துச்சு. படப்பாட்டு உறையில இருந்துச்சு. வேகப் பொத்தான அமுக்கினேன், சத்தம் வராது இல்ல? நான் கேக்கவே இல்ல."

"அப்ப செலோடேப் யாரு ஒட்டினா?" என்றேன்.

"அது ஏற்கனவே ஒட்டியிருந்துச்சு. அதனாலதான் அத எடுத்தேன். ஒட்டுற வேல மிச்சமுன்னு."

நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டில் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்த அக்காவின் டேப் எங்கள் பெட்டிக்கு எப்படி நடந்து வந்தது? அம்மாவுக்கோ இப்போது வேறு கேள்வி பிறந்துவிட்டது.

"சரி. ஏத்தி யாருக்குக் குடுத்த?"

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினான். "ரஹாங் பொண்ணுக்கு," என்று நான் சொன்னேன். "எங்க லைன்ல வேல செய்யிறா." அந்த ஆல்பத்தை அவன் என்னிடம் மறைத்தது அவளால்தான் என்று அப்போது புரிந்தது. அம்மா கேசட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஜெபம் முடிந்த பிறகு நான் கேசட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் எனக்குப் பின்னால் வந்து படியில் நின்றான், மேலே ஏறவில்லை. நடந்ததைச் சொன்னேன். பாட்டுக்கு அடியில் போனது போனதுதான், கடைசியில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று சொன்னேன். செலோடேப்பைக் காட்டினேன். அண்ணனுக்கு எதிராக என்னிடமிருந்த ஒரே சாட்சி அது.

அக்கா விரலால் அந்த டேப்பைத் தடவிப் பார்த்தார்.

"இது அவரே ஒட்டினது," என்றார். "அன்னிக்கு ரெக்கார்ட் பொத்தான் உள்ள போவல. லாரியில இருந்து செலோடேப்ப கொண்டாந்து, பல்லால கடிச்சு ஒட்டினாரு. பாரு, ஓரம் நேரா இல்ல."

ஓரம் நேராக இல்லைதான். நான் கத்திரிக்கோல் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அக்கா, யாரையும் பார்க்காமல், அந்தக் கேசட்டை எங்கள் பெட்டியில் கொண்டுவந்து வைத்தது தானேதான் என்றார். கொழுந்தன் வருகிறான் என்று தெரிந்ததும், தன் வீட்டில் எங்கே வைத்தாலும் தேடி எடுத்துவிடுவான் என்று பயந்து, நாங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் கடைசி வரிசையில் காலியாக இருந்த ஒரு படப்பாட்டு உறைக்குள் சொருகிவிட்டார். அவன் போனதும் எடுக்க வந்தார். இல்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே அக்கா," என்றேன்.

"கேட்டா, சொல்லாம கொள்ளாம எங்கூட்டுல ஏன் ஒளிச்சு வச்சேன்னு உங்கம்மா கேப்பாங்க. பெறகு ரேடியோ கேக்க எப்படி வர்றது?"

அண்ணன் படியில் நின்றபடியே, "மன்னிச்சுக்குங்க அக்கா," என்றான். அக்கா தலையை மட்டும் அசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கேசட்டை ரேடியோவில் போட்டார். நான் கடைசிப் பகுதிக்குச் சுற்றப் போனபோது கையைப் பிடித்தார்.

"வேணாம். சுத்தினா சிக்கிக்கும். மொதல்ல இருந்தே ஓடட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. ஜெபத்திலிருந்து வந்த வெள்ளைச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, அந்த ஆங்கில ராக் ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதையும் அக்கா பொறுமையாகக் கேட்பார். கடைசி நிமிடங்களுக்காக. எங்கள் வீட்டிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுவிட்டு உபதேசியார் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்தார் என்று கேள்விப்பட்டேன். அக்கா அவருக்கு என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. வருவதை நிறுத்தவில்லை. மகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தாளத்துக்குத் தட்டில் கரண்டியால் அடிக்கக் கற்றுக்கொண்டாள்.

ரஹாங் பெண்ணுக்கு நானே விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தாள், தன் காதலைத் தன்னிடமிருந்தே நான் துப்பறிந்து எடுத்துவிட்டேன் என்று. கேசட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. அண்ணன் அவளுக்கு சிரம்பான் கடையில் ஒரிஜினலே வாங்கிக் கொடுத்தான். பாட்டு வரிகள் அச்சடித்த தாளை அவளிடம் கேட்டு வாங்கி, தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நான் படித்தேன். அந்தப் பாடகர் யாரையும் சந்தேகப்படவே இல்லை, ஏதோ கடலைப் பற்றித்தான் பாடியிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. சில வருடங்கள் கழித்து அண்ணனுக்கும் அவளுக்கும் கல்யாணம் கோயிலில் நடந்தது. அம்மா மருமகளின் கைப்பையை மட்டும் கடைசி வரை திறந்து பார்த்ததில்லை.

தோட்டம் பிறகு கைமாறியது. மரங்களை வெட்டி வீடமைப்புக்குக் கொடுத்தார்கள். நாங்கள் ரஹாங் பக்கம் வந்தோம். அக்கா மகளோடு சி ரூசாவுக்குப் போனார். அங்கே கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை கிடைத்தது. போக்குவரவு குறைந்துபோனது. திருநாள் பெருநாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான்.

இந்த வருடம் பள்ளி விடுமுறையில் நான் தனியாக அவரைப் பார்க்கப் போனேன். முட்டி வலியால் அவருக்கு அதிகம் நடக்க முடிவதில்லை. மகள் பக்கத்திலேயே தங்கும் அறைகள் வாடகைக்கு விடுகிறாள். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேசட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. நாடா ஒட்டிக்கொண்டு ஓடாமல் போனதாம். கோலாலம்பூரில் யாரிடமோ கொடுத்து, மகள் அதைத் தன் கைபேசியில் ஏற்றி வைத்திருக்கிறாள். குரல் பகுதியை மட்டும் வெட்டித் தரட்டுமா என்று அந்த ஆள் கேட்டதற்கு அக்கா வேண்டாம் என்றுவிட்டாராம்.

"பாட்டு முடிஞ்சு வந்தாத்தான் அவரு வர்ற மாதிரி இருக்கு," என்றார்.

நான் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். "அக்கா, அண்ணன் தெரியாமத்தான் பண்ணான்னு நீங்க நம்புனீங்களா? எனக்கு இன்னிக்கும் அப்பப்ப சந்தேகம் வரும்."

"உங்கண்ணன் மேல எனக்குச் சந்தேகமே இல்லயே," என்றார். தேநீரை ஊதினார். "உன் மேலதான் இருந்துச்சு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ரேடியோகிட்ட எப்பவும் நீதானே குந்திக்கிட்டு இருப்ப. பெட்டிய நோண்டுறதும் நீதான். டேப்ப காணமுன்னதும் நீதான்னு நெனச்சேன். பெறகு நீயே கொண்டாந்து, அண்ணன்தான் அழிச்சான், செலோடேப்ப பாருன்னு காட்டுனியா? பாவம் அந்தப் பையன் மேல பழியப் போடுறா, அவனும் தங்கச்சிக்காக மன்னிப்பு கேக்கிறான் பாருன்னு நெனச்சேன்."

"எத்தன நாளு அப்படி நெனச்சீங்க?"

"உங்கண்ணன் கல்யாணம் வரைக்கும். அன்னிக்குத்தான் கல்யாணப் பொண்ணு சொன்னா, அவரு எனக்காக ஏத்திக் குடுத்ததுன்னு."

கல்யாணம் வரைக்கும் என்றால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனையிலும் நான் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அவர் வாங்கிக் குடித்திருக்கிறார். கோபப்படலாமா என்று பார்த்தேன், கோபம் வரவில்லை.

"அப்ப ஏன் எங்கிட்ட நல்லா பேசுனீங்க?"

"ரேடியோ உங்க வூட்டுலதானே இருந்துச்சு," என்றார்.

உள்ளேயிருந்து மகள் ஒரு தட்டில் பொரித்த வாழைப்பழத்தோடு வந்து, எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா தட்டை என் பக்கம் தள்ளினார். சூடாக இருந்தது, ஆறட்டும் என்று காத்திருந்தோம். திரும்பும்போது வண்டியை எடுக்குமுன் அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பவாவது என்ன நம்புறியா?" என்று கேட்டான்.

போக்குவரத்து அதிகமாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.